நெகிழும் எலும்பு வளையம்

சென்ற மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஒதியம்பட்டில் பத்தாம் வகுப்புப் படிக்கும் மாணவன் ஒருவன், நெம்புகோல் கணக்குகளில் சந்தேகம் கேட்க என் வீட்டுக்கு வந்திருந்தான். கணக்குகள் முடிந்தன. நோட்டை மூடி வைத்தான். ஆனால் எழுந்து போகவில்லை.

"சார், இன்னொண்ணு கேக்கலாமா? இது கணக்கு இல்ல."

"கேள்."

"எங்கக்கா வளைகாப்பு முடிஞ்சு எங்க வீட்டுக்கு வந்திருக்கு சார். எட்டு மாசம். ராத்திரி படுத்தா ஒரு பக்கத்துலேருந்து இன்னொரு பக்கம் திரும்ப முடியாம அழுவுது. வில்லியனூர் போற பஸ்ல படி ஏற முடியல. எங்க ஆயா, 'நாங்க பெக்காத புள்ளையா? வேலைக்குப் பயந்துகிட்டு நடிக்கிறா'ன்னு சொல்லுது. நடிப்பா சார் அது?"

நான் மருத்துவன் அல்லன். கல்லூரியில் பௌதிகம் கற்பிப்பவன். மறுநாளே அக்காவை மகப்பேறு மருத்துவரிடம் அழைத்துச் செல்லுமாறு சொல்லி அனுப்பினேன். ஆனால் அவன் கேள்வி என்னை விடவில்லை. நூல்களைப் புரட்டினேன், மருத்துவ நண்பர்களிடம் கேட்டேன். அப்போதுதான் ஒன்று புரிந்தது. "இது கணக்கு இல்ல" என்றானே, அது தவறு. வளையம், உராய்வு, நெம்புகோல் ஆகிய மூன்றும் சேர்ந்த பௌதிகக் கணக்கேதான் அது! வாருங்கள், அதைப் போட்டுப் பார்ப்போம்.

மூன்று எலும்புகள், ஒரு வளையம்

உங்கள் இடுப்பில் இரு கைகளையும் வைத்துப் பாருங்கள். பக்கத்திற்கு ஒன்றாக இரண்டு பெரிய எலும்புகள் கைக்குத் தட்டுப்படும். இவை இடுப்பெலும்புகள். ஒவ்வொன்றும் பிறக்கும்போது மூன்று துண்டுகளாக இருந்தது. ஏறத்தாழ உங்கள் வயதில்தான் அவை இணைந்து ஒரே எலும்பாகின்றன. பின்புறம் முதுகெலும்புத் தொடரின் அடியில், ஐந்து முள்ளெலும்புகள் ஒன்றாகச் சேர்ந்து உண்டான முக்கோண எலும்பு ஒன்று இருக்கிறது. அதற்குத் திரிக எலும்பு என்று பெயர். இரண்டு இடுப்பெலும்புகளுக்கும் நடுவே அது ஓர் ஆப்பு போலச் செருகப்பட்டிருக்கிறது.

முன்புறம், அடிவயிற்றின் கீழே, இடுப்பெலும்புகளின் இரண்டு முனைகளும் நெருங்கி வருகின்றன. ஆனால் ஒன்றையொன்று தொடுவதில்லை. இடையில் குருத்தெலும்பாலான ஒரு வில்லை இருக்கிறது. சுற்றிலும் உறுதியான பிணைப்பு நார்கள் வரிந்து கட்டியிருக்கின்றன. இந்த இடத்தைப் பூப்பெலும்பு இணைப்பு என்பார்கள். மருத்துவர்கள் ‘சிம்பைசிஸ்’ என்று சொல்வதும் இதைத்தான்.

ஆக மூன்று எலும்புகள். பின்னால் இரண்டு மூட்டுகள், முன்னால் ஓர் இணைப்பு. எல்லாம் சேர்ந்து ஒரு வளையம். தலை, கை, உடல் ஆகியவற்றின் பாரம் முழுவதும் முதுகெலும்பு வழியாகத் திரிக எலும்பில் இறங்குகிறது. அங்கே இரண்டாகப் பிரிந்து, வளையத்தின் வழியே இரு தொடைகளுக்கும் செல்கிறது.

வளையம் என்றால் அதற்கு ஒரு குணம் உண்டு. தடித்த அட்டையில் ஒரு விரல் அகலப் பட்டை வெட்டி, வளையல் போல ஒட்டுங்கள். இரு பக்கமும் பிடித்து இழுத்துப் பாருங்கள். அவ்வளவாக இடம் கொடுக்காது. இப்போது ஓரிடத்தில் கத்தரித்துவிட்டு இழுங்கள். எளிதில் வாய் பிளக்கும். அப்படிப் பிளக்கும்போது வெட்டுக்கு எதிர்ப்புறத்தைக் கவனியுங்கள். அங்கே அட்டை வளைந்து நசுங்கும். முன்னால் ஓர் இடைவெளி பெரிதானால் பின்னால் இருக்கும் மூட்டுகளும் அதற்கு விலை கொடுத்தாக வேண்டும். முன் இணைப்பு தளர்ந்த பெண்கள் பலருக்கு இடுப்பின் பின்புறத்திலும் வலிப்பது இதனால்தான்.

வழி எவ்வளவு அகலும்?

இந்த வளையத்தின் உள்ளே புகுந்துதான் குழந்தை உலகுக்கு வருகிறது. வளையத்தின் மேல் வாயில் முன்பின்னாகச் சுமார் 11 செ.மீ., பக்கவாட்டில் சுமார் 13 செ.மீ. இருக்கும். குழந்தையின் தலை குனிந்த நிலையில் சுமார் 9.5 செ.மீ. விட்டம் கொண்டது. இடம் இருக்கிறது, ஆனால் தாராளமாக இல்லை.

எனவே கருவுற்ற காலத்தில் உடல் இந்த இணைப்புகளைச் சற்றே நெகிழவிடுகிறது. சாதாரணமாக ஒரு பெண்ணின் பூப்பெலும்பு இணைப்பில் 4 முதல் 5 மி.மீ. இடைவெளி இருக்கும். கருவுற்றிருக்கும்போது அது மேலும் 2 அல்லது 3 மி.மீ. அகலும். இது இயல்பு. இடைவெளி 10 மி.மீ.க்கு மேல் போனால் ‘இணைப்புப் பிரிவு’ என்று மருத்துவர்கள் கணிக்கிறார்கள்.

இந்த நெகிழ்வால் வழி எவ்வளவு பெரிதாகும்? ஒரு சிறு கணக்குப் போடுவோம். வளையத்தை 12 செ.மீ. விட்டமுள்ள வட்டம் என்று தோராயமாக வைத்துக்கொள்ளுங்கள். சுற்றளவு 3.14 × 12 = சுமார் 37.7 செ.மீ. முன்னால் ஒரு செ.மீ. இடைவெளி கூடினால் சுற்றளவு 38.7 செ.மீ. ஆகும். அதை 3.14 ஆல் வகுத்தால் புதிய விட்டம் 12.3 செ.மீ. அதாவது சுற்றளவில் 10 மி.மீ. கூடினால் விட்டத்தில் 3 மி.மீ.தான் கூடுகிறது. இயல்பான 3 மி.மீ. நெகிழ்வு தருவது ஒரே ஒரு மி.மீ.!

அப்படியானால் குழந்தை எப்படி வெளியே வருகிறது? பெரிய கட்டிலைச் சிறிய கதவு வழியாக எப்படி வெளியே எடுப்போம்? சாய்ப்போம், திருப்புவோம். குழந்தையும் அப்படித்தான் செய்கிறது. வளையத்தின் மேல் வாயில் பக்கவாட்டில் அகலம்; கீழ் வாயிலோ முன்பின்னாக அகலம். அதற்கேற்ப இறங்கும் வழியில் தலை திரும்புகிறது. மண்டையோட்டு எலும்புகள் இன்னும் ஒட்டிக்கொள்ளாததால், அவை ஒன்றன்மேல் ஒன்று சற்று ஏறித் தலையை ஒடுக்கிக்கொள்கின்றன. திரிக எலும்பும் சிறிது அசைந்து கீழ் வாயிலுக்கு இடம் விடுகிறது. இந்த அசைவுக்கு மூட்டுகளின் நெகிழ்வு வேண்டும். இயற்கை அளந்துதான் கொடுக்கிறது.

கினிப்பன்றி சொன்ன சேதி

எலும்புகளைப் பிணைக்கும் நார்களை நெகிழச் செய்வது எது? இதற்கு விடை தேடியவர் அமெரிக்க விஞ்ஞானி ஃபிரெடரிக் ஹிசா. அவர் முதலில் ஆராய்ந்தது ‘கோஃபர்’ என்ற கொறிவிலங்கு. அது கன்னத்தில் பை உடையது. மண்ணில் வளை தோண்டி வாழ்வது. குறுகிய வளைக்குள் ஓடுவதற்கு ஏற்ப அதன் இடுப்பும் குறுகலானது. அந்த இடுப்பின் வழியே குட்டி வர இயலாது. ஆனால் பெண் கோஃபர் வளர்ந்து பருவம் அடையும்போது, முன்புற எலும்பு இணைப்பு கரைந்தே போய்விடுகிறது என்பதை 1924-இல் ஹிசா எடுத்துக்காட்டினார்.

அடுத்து அவர் கினிப்பன்றிக்கு வந்தார். சீமைப் பெருச்சாளி என்றும் இதைச் சொல்வோம். கினிப்பன்றிக் குட்டி மயிர் வளர்ந்து, கண் திறந்து, ஓடத் தயாராகப் பிறக்கும். அவ்வளவு பெரிய குட்டியை ஈனும்போது தாயின் இடுப்பெலும்புகள் முன்புறம் 2 செ.மீ.க்கும் மேல் விலகுகின்றன. சினையாக உள்ள விலங்குகளின் இரத்தத்திலிருந்து சீரத்தை எடுத்து, சினையாகாத கினிப்பன்றிகளுக்கு ஹிசா ஊசி மூலம் செலுத்தினார். அவற்றின் இடுப்பு இணைப்பும் நெகிழ்ந்தது! 1926-இல் இதை வெளியிட்டார். இரத்தத்தில் ஏதோ ஒரு பொருள் இந்த வேலையைச் செய்கிறது என்பது உறுதியானது. அந்த ஹார்மோனுக்கு ரிலாக்சின் என்று பெயர் வந்தது.

மனித உடலிலும் ரிலாக்சின் சுரக்கிறது. ஆனால் நாம் கினிப்பன்றிகள் அல்லர். மனிதரில் இரத்தத்தில் அதன் அளவு, கருவுற்ற முதல் சில மாதங்களிலேயே உச்சத்தை அடைந்துவிடுகிறது. வலியோ பெரும்பாலும் பிந்தைய மாதங்களில் வருகிறது. ரிலாக்சின் அதிகம் உள்ளவருக்கு வலியும் அதிகம் என்று ஆராய்ச்சிகள் ஒரே குரலில் சொல்லவில்லை. இடைவெளியின் அளவும் வலியின் அளவும் கூட ஒத்துப்போவதில்லை. சிறிய இடைவெளியோடு துடிப்பவரும் உண்டு. பெரிய இடைவெளியோடு நடமாடுபவரும் உண்டு. எனவே "படத்தில் பெரிதாக ஒன்றும் இல்லையே, பிறகென்ன வலி?" என்று கேட்பது விஞ்ஞானம் ஆகாது.

பாரிஸில் ஒரு கத்தி

இந்த இணைப்பைத் தாமாகவே வெட்டிப் பிரித்தால் என்ன என்று நினைத்த மருத்துவர்களும் இருந்தார்கள். புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த 1777-ஆம் ஆண்டு அது. பாரிஸ் நகரில் சூஷோ என்ற பெண்மணி பிரசவ வேதனையில் இருந்தார். அவருடைய இடுப்பு மிகக் குறுகியது. முந்தைய பிரசவங்களில் நான்கு குழந்தைகளை இழந்தவர். வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுத்தால் தாய் அநேகமாக இறந்தே போவாள் என்ற காலம். ஜான் ரெனே சிகோ என்ற மருத்துவர் துணிந்து, பூப்பெலும்பு இணைப்பைக் கத்தியால் பிரித்தார். குழந்தை உயிரோடு பிறந்தது, தாயும் பிழைத்தார். சிகோவைப் பாராட்டிப் பதக்கமே வெளியிட்டார்கள். ஆனால் அந்தத் தாய்க்கு நடப்பதில் தொல்லை நீடித்தது. சிறுநீரை அடக்கவும் இயலாமல் போயிற்று.

சிசேரியன் அறுவை பாதுகாப்பானதாக ஆன பிறகு பெரும்பாலான நாடுகள் இம்முறையைக் கைவிட்டன. எனினும் அயர்லாந்தில் 1940களிலிருந்து 1980கள் வரை சுமார் 1,500 பெண்களுக்கு இதைச் செய்தார்கள். தங்களைக் கேட்காமலே செய்ததாகப் பலர் பின்னாளில் கூறினர். வாழ்நாள் முழுவதும் நடக்கச் சிரமப்பட்டவர்கள் அவர்களில் உண்டு. 2014-இல் அந்நாட்டு அரசு அவர்களுக்கு இழப்பீட்டுத் திட்டம் ஒன்றை அறிவித்தது. முன்னால் இருக்கும் அந்தச் சிறிய இணைப்பு நடையின் ஆணிவேர் என்பதை இந்த வரலாறு நமக்குச் சொல்கிறது.

புத்தகச் சோதனை

இப்போது அக்காவின் கணக்குக்கு வருவோம். ஒரே அளவுள்ள ஆறு புத்தகங்களை வரிசையாக நிறுத்தி, இரு உள்ளங்கைகளாலும் இரு முனைகளில் அழுத்தி, அப்படியே தூக்குங்கள். நடுவில் உள்ள புத்தகங்களுக்குக் கீழே ஒன்றும் இல்லை, ஆனாலும் விழவில்லை. ஏன்? உராய்வு விசை தாங்குகிறது. ஆறு புத்தகங்களின் எடை 12 நியூட்டன், உராய்வுக் கெழு 0.3 என்று கொள்வோம். இரு முனைகளிலும் உராய்வு இருப்பதால் 2 × 0.3 × அழுத்து விசை = 12. ஆகவே ஒவ்வொரு கையும் 20 நியூட்டன் விசையுடன் அழுத்த வேண்டும். பிடியைத் தளர்த்துங்கள், நடுப் புத்தகம் நழுவும்.

நடுப் புத்தகம்தான் திரிக எலும்பு. இரு கைகள்தாம் இடுப்பெலும்புகள். திரிக எலும்பின் ஆப்பு வடிவமும் மூட்டுப் பரப்பின் மேடு பள்ளங்களும் அதை ஓரளவு பிடித்து வைக்கின்றன. மீதி வேலையைப் பக்கவாட்டு அழுத்தம் செய்கிறது. அந்த அழுத்தத்தைத் தருபவை பிணைப்பு நார்களும் வயிறு, பிட்டம், இடுப்பின் அடித்தளம் ஆகியவற்றின் தசைகளும். கருவுற்ற காலத்தில் நார்கள் நெகிழ்கின்றன. வயிற்றுத் தசைகள் விரிந்து இழுபடுகின்றன. பாரமோ நாளுக்கு நாள் கூடுகிறது. சிலருக்குத் தசைகள் இந்த இழப்பை ஈடுகட்டிவிடுகின்றன. சிலருக்கு முடிவதில்லை. கருவுற்ற பெண்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இடுப்பு வளைய வலி வருகிறது. பிரசவத்தின்போது இணைப்பு முற்றிலும் பிரிந்துபோவது அரிது.

இரண்டு கால்களில் நேராக நிற்கும்போது வளையத்தின் இரு பாதிகளும் சமமாகச் சுமக்கின்றன. ஒற்றைக் காலில் நில்லுங்கள், நிலைமை மாறுகிறது. ஒரு பாதி மேல்நோக்கித் தள்ளப்படுகிறது. காலைத் தூக்கிய பாதி கீழே தொங்குகிறது. முன் இணைப்பில் கத்தரிக்கோல் போன்ற வெட்டு விசை தோன்றுகிறது. குழந்தை பிறந்த பிறகும் வலி நீடித்தால், இப்படிக் கொக்கு போல ஒற்றைக் காலில் நிற்கவைத்து எக்ஸ்-கதிர்ப் படம் எடுப்பார்கள். அப்போது ஒரு பக்கம் மேலேறி நிற்பது தெரியும்.

நாம் நாள்தோறும் எத்தனை முறை ஒற்றைக் காலில் நிற்கிறோம்! பேருந்துப் படி, மாடிப்படி, பாவாடை அணிதல் எல்லாம் ஒற்றைக் கால் வேலைகள். நடையின் ஒவ்வோர் அடியிலும் ஒரு கணம் ஒரு கால்தான் தரையில் இருக்கிறது. இதோடு ஒரு பக்க இடுப்பில் குடத்தை வைத்துத் தண்ணீர் சுமப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 15 லிட்டர் குடம் என்றால் 15 கிலோ, முழுவதும் ஒரு பக்கத்தில். மூத்த குழந்தையை இடுப்பில் தூக்கி வைப்பதும் அப்படியே.

இரண்டு கைகள் காட்டிய உண்மை

வலி நடிப்பா, நிஜமா? கண்டறிய ஓர் எளிய சோதனை இருக்கிறது. நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகர ஆய்வாளர்கள் 1990களில் இதை ஆராய்ந்து வகுத்தார்கள். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்காமல், ஒரு காலை 20 செ.மீ. உயரம் தூக்க வேண்டும். அவ்வளவுதான்.

நெம்புகோல் கணக்கை இங்கே போடுங்கள். 50 கிலோ எடையுள்ள பெண்ணின் ஒரு கால் சுமார் 8 கிலோ, அதாவது 80 நியூட்டன். அதன் ஈர்ப்பு மையம் தொடை மூட்டிலிருந்து 35 செ.மீ. தொலைவில். தூக்கும் தசையோ மூட்டிலிருந்து சுமார் 4 செ.மீ. தொலைவில்தான் இழுக்கிறது. 80 × 35 = தசை விசை × 4. தசை விசை 700 நியூட்டன்! ஏறத்தாழ 70 கிலோ மூட்டையின் எடை. இவ்வளவு விசையும் முதுகெலும்பையும் இடுப்பு வளையத்தையும் பற்றிக்கொண்டே இழுக்கப்படுகிறது. பற்றுக்கோடு உறுதியாக இருந்தால் கால் எழும். வளையம் தளர்ந்திருந்தால் கால் எழுவதற்குப் பதிலாக இடுப்பெலும்பு திருகிக்கொள்ளும். கால் ஈயமாகக் கனக்கும். வலி சுரீர் என்று பாயும்.

இப்போது ஒருவர் அந்தப் பெண்ணின் இடுப்பெலும்புகளை இரு பக்கமும் கைகளால் அழுத்திப் பிடிக்கிறார். மீண்டும் தூக்கச் சொல்கிறார். கால் எழுகிறது! புத்தக வரிசையை இறுக்கிப் பிடித்தது போலத்தான். சோம்பலை இரண்டு கைகளால் அழுத்திப் போக்க முடியுமா? முடியாது. தளர்ந்த வளையத்தை இறுக்க முடியும்.

பட்டையின் வேலை

மருத்துவத்தின் அடிப்படையும் இதுவே. இடுப்பைச் சுற்றி ஒரு பட்டை அணிவிப்பார்கள். நம் ஊரில் பிள்ளை பெற்றவளுக்கு வயிற்றைச் சுற்றிப் பழைய சேலையை இறுக்கிக் கட்டுவது வழக்கம். இந்தப் பட்டை அதுவன்று. இது வயிற்றுக்குக் கீழே, இடுப்பெலும்புகளைச் சுற்றி வருவது. மிக இறுக்கவும் தேவையில்லை. 50 நியூட்டன் இழுவிசையே போதும் என்று சோதனைகள் காட்டின. ஒரு கயிற்றில் 5 கிலோ தொங்கினால் உண்டாகும் இழுவிசைதான் அது. எந்த இடத்தில், எவ்வளவு இறுக்கம் என்பதை மருத்துவரோ பிசியோதெரபிஸ்டோ காட்டித் தர வேண்டும். கூடவே தசைகளை வலுவாக்கும் பயிற்சிகளும் உண்டு. பட்டை தற்காலிகக் கை. தசைதான் நிரந்தரக் கை.

சில பழக்கங்களும் உதவும். படுக்கையில் திரும்பும்போது இரு முழங்கால்களையும் சேர்த்து வைத்துத் திரும்ப வேண்டும். ஒருக்களித்துப் படுத்து, முழங்கால்களுக்கு இடையே தலையணை வைத்துக்கொள்ளலாம். உட்கார்ந்துகொண்டு உடை அணியலாம். "குனிந்து நிமிர்ந்து வேலை செய்தால் சுகப்பிரசவம்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். நலமாக உள்ள கர்ப்பிணிக்கு நடமாட்டம் நல்லதே. இந்த வலி உள்ளவருக்கோ ஒற்றைக் கால் வேலைகளையும் ஒரு பக்கச் சுமைகளையும் குறைக்க வேண்டும். பிரசவத்தின்போது தொடைகளை வலிக்கும் அளவுக்கு அகற்றாமல் இருக்க, மருத்துவரிடமும் செவிலியரிடமும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பிரசவத்தில் ‘டக்’ என்ற ஓசையுடன் வலி கண்டு, பின் நிற்கவே முடியாமல் போனாலோ, சிறுநீர் கழிப்பதில் சிரமம் ஏற்பட்டாலோ உடனே சொல்ல வேண்டும்.

பெரும்பாலானவர்களுக்குப் பிரசவத்திற்குப் பின் சில வாரங்களிலோ சில மாதங்களிலோ வளையம் மீண்டும் இறுகிவிடுகிறது. அறுவை சிகிச்சை வெகு சிலருக்கே தேவைப்படும்.

மீண்டும் ஒதியம்பட்டு

பொங்கல் கழிந்து அந்த மாணவன் மறுபடியும் வந்தான். முகத்தில் தெளிவு இருந்தது. மருத்துவமனைக்கு அக்காவுடன் அம்மாவும் ஆயாவும் போயிருக்கிறார்கள். அங்கே பிசியோதெரபிஸ்ட் அம்மையார் அக்காவைப் படுக்கவைத்துக் காலைத் தூக்கச் சொன்னாராம். முடியவில்லை. பிறகு அவர் ஆயாவைக் கூப்பிட்டு, ஆயாவின் இரு கைகளையும் அக்காவின் இடுப்பில் வைத்து, "அழுத்திப் பிடிங்க பாட்டி" என்றாராம். ஆயா அழுத்தினார். அக்காவின் கால் எழுந்தது.

"ஆயா என்ன சொன்னார்கள்?" என்று கேட்டேன்.

"அங்க ஒண்ணும் சொல்லல சார். பஸ்ஸுல வரும்போதுதான் சொல்லிச்சு. 'எனக்கும் மூணாவது புள்ளைக்கு இப்படித்தான் இருந்துது. ரெண்டு மாசம் செவுத்தப் புடிச்சுகிட்டே நடந்தேன். நடிக்கிறேன்னுதான் எங்க மாமியா சொல்லுவாங்க'ன்னு."

மாசியில் அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. சித்திரை வரை பட்டை அணிந்திருந்தார். இப்போது நன்றாக நடக்கிறார்.

மாணவ நண்பர்களே! நியூட்டனின் விதிகளைத் தேர்வுக்காக மட்டும் படிக்காதீர்கள். வீட்டில் ஒருவர் "முடியவில்லை" என்று சொல்லும்போது, அவர் சொல்வதை நம்பி, ஏன் முடியவில்லை என்று கேட்பதிலிருந்துதான் விஞ்ஞானம் தொடங்குகிறது. விடை கிடைக்கும்வரை சும்மா இருக்க வேண்டாம். அக்காவின் இடுப்பிலிருந்து அந்தத் தண்ணீர்க் குடத்தை முதலில் நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்.